புகாரை வாபஸ் வாங்கினால் கேசு செத்துப்போகுமா?

மகளிர் போலீஸ் நிலையத்து வாசல் பெஞ்சை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. மறு ஓரத்தில் புருஷன், அவனுடைய அண்ணன், தெருவில் இருந்து வந்த நாலு பெரிய மனிதர்கள். நடுவில் ஒரு வெள்ளைத் தாள்.

"எங்களுக்குள் ஏற்பட்ட மனஸ்தாபத்தால் புகார் கொடுத்தேன். இப்போது சமாதானம் ஆகிவிட்டோம். மேல் நடவடிக்கை தேவை இல்லை."

அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போடுவாள். எல்லோரும் டீ குடிப்பார்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார்கள்.

ஆறு மாதம் போகும். அதே பெண், அதே பெஞ்சு. இந்த முறை அம்மா மட்டும்தான் கூட இருப்பாள். பெரிய மனிதர்கள் யாரும் வரமாட்டார்கள்.

"என்னம்மா, போன தடவை நீதானே எழுதிக் குடுத்தே? இப்ப எதுக்கு வந்தே?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். எந்த வீட்டுக்கு? அடிபட்ட அதே வீட்டுக்கு!

நானும் நின்றேன்

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த நாலு பேரில் ஒருவனாக நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன். எந்த ஊர், எந்த போலீஸ் நிலையம் என்பது இங்கே முக்கியம் அல்ல. தாளில் என்ன எழுதுவது என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"ஆத்திரத்தில் உண்மைக்கு மாறாக எழுதிவிட்டேன்னு ஒரு வரி சேர்த்துடுங்க சார், எங்களுக்கும் ஒரு பாதுகாப்பு வேணும் இல்லே" என்றார் பையனின் அண்ணன். சேர்த்துவிட்டோம். ஒரு வரிதானே என்று நினைத்தோம். அந்த ஒரு வரிதான் பிறகு அவள் கழுத்தைப் பிடித்தது.

திரும்பவும் அடிபட்டு அவள் வந்தபோது, போலீசில் சொன்னதையே நாங்களும் சொன்னோம். "எழுதிக் குடுத்தாச்சேம்மா, இனிமே என்ன பண்ண முடியும்?"

சட்டம் தெரியாமல் சொன்ன சொல் அது. அது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் கட்டத்தில் நின்றது?

"புகாரை வாபஸ் வாங்கியாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் புகார் எந்தக் கட்டத்தில் நின்றது என்று யாரும் கேட்பது இல்லை. முழு விஷயமும் அந்தக் கேள்வியில்தான் அடங்கி இருக்கிறது.

போலீஸ் நிலையத்தில் மனுவோடு நின்றதா? எப்.ஐ.ஆர். போட்ட பிறகு நின்றதா? குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகி கோர்ட்டில் விசாரணை நடந்து முடிந்ததா? ஐகோர்ட்டு ரத்து செய்ததா?

நாலுக்கும் நாலு விதமான பதில். ஒரு கட்டத்தில் கேசு தூங்குகிறது, தட்டினால் எழும். இன்னொரு கட்டத்தில் அது செத்தே போகிறது. எது எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து.

மனு ரசீதோடு நின்றால்

புகார் மனு கொடுத்ததும் போலீசில் ஒரு ரசீது தருவார்கள். சி.எஸ்.ஆர். என்று அதற்குப் பெயர். பல பெண்கள் இதையே "கேசு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கேசு அல்ல. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளம். அவ்வளவுதான்.

இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு, "மனு முடிக்கப்பட்டது" என்று குறித்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நூற்றுக்கு முக்கால்வாசி சமாதானம் இங்கேதான் நடக்கிறது என்பது போலீஸ் நிலையம் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

இப்படி முடிந்த மனு, சட்டத்தின் கண்ணில் தீர்ப்பு அல்ல. எந்த கோர்ட்டும் அதை விசாரிக்கவில்லை. யாரையும் விடுதலை செய்யவில்லை. ஆகவே அதே சம்பவங்களைச் சொல்லி அவள் மறுபடியும் புகார் கொடுக்கலாம். "ஏற்கனவே எழுதிக் கொடுத்தாய்" என்பது புகாரை வாங்க மறுக்க ஒரு காரணமே அல்ல.

கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு தீர்ப்பு சொன்னது. குடும்பத் தகராறுகளில் முதலில் சிறிது விசாரித்துப் பார்க்கலாம் என்று மட்டும் ஒரு சலுகை கொடுத்தது. விசாரித்துப் பார்க்கலாம் என்றால் விரட்டி அடிக்கலாம் என்று அர்த்தம் ஆகாது.

எப்.ஐ.ஆர். போட்ட பிறகு

அடுத்த கட்டம் எப்.ஐ.ஆர். இங்கே வந்துவிட்டால் கேசின் சொந்தக்காரர் மாறிவிடுகிறார். புகார் கொடுத்தது அவள். ஆனால் கேசு நடத்துவது அரசாங்கம். "என் புகாரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று சொல்லும் உரிமை அவளுக்கே கிடையாது.

புருஷனும் அவனைச் சேர்ந்தவர்களும் செய்யும் கொடுமைக்கு என்று தனியாகச் சட்டப்பிரிவு வந்தது 1983-ம் ஆண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 498-ஏ என்று ஊரெல்லாம் பேசினார்களே, அதுதான். 2024 ஜூலை 1-ந்தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்த பிறகு, பாரதீய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்ற எண்களில் அது இருக்கிறது. எண்தான் மாறியது. 3 ஆண்டு வரை ஜெயில், அபராதம் என்ற தண்டனை மாறவில்லை. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களின் பட்டியலில் இது இல்லை என்பதும் தமிழ்நாட்டில் மாறவில்லை.

சாதாரண காயம் ஏற்படுத்திய குற்றம் வேறு. அதை அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அப்படி கோர்ட்டில் சமரசம் பதிவானால் எதிரி விடுதலை ஆனதற்குச் சமம். அந்த அடிக்கு மறுபடியும் கேசு போட முடியாது.

எப்.ஐ.ஆர். போட்ட பிறகு சமாதானம் ஆனால் போலீசார் என்ன செய்கிறார்கள்? "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்றோ, "தவறான தகவல்" என்றோ எழுதி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புகிறார்கள். புகார் கொடுத்தவருக்கு ஒரு நோட்டீசு வரும். ஆர்.சி.எஸ். நோட்டீசு என்று வக்கீல்கள் சொல்வார்கள்.

அந்த நோட்டீசை பலர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. "கேசு முடிஞ்சு போச்சுன்னு கடுதாசி வந்திருக்கு" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அது முடிந்துபோனதற்கான கடுதாசி அல்ல. "உனக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்கும் கடுதாசி!

போலீசார் கேசை முடிக்கச் சொன்னால், மாஜிஸ்திரேட்டு அதை ஏற்கும் முன்பு புகார் கொடுத்தவருக்குத் தகவல் கொடுத்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். 1985-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது. அவள் கோர்ட்டுக்குப் போய் ஆட்சேபணை மனு போடலாம். மேல் விசாரணை நடத்தும்படி மாஜிஸ்திரேட்டு போலீசுக்கு உத்தரவு போடலாம். போலீஸ் அறிக்கையைத் தள்ளிவிட்டு தானே வழக்கை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஆக, போலீஸ் கைவிட்ட கேசுக்கு உயிர் உண்டு. ஆனால் சும்மா இருந்தால் எழாது. யாராவது தட்டி எழுப்ப வேண்டும்.

கோர்ட்டில் முடிந்தால் முடிந்ததுதான்

மூன்றாவது கட்டம்தான் பயங்கரமானது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகி விசாரணை நடக்கிறது. அதற்குள் வீட்டில் சமாதானம். கேசை வாபஸ் வாங்க முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். என்ன செய்கிறார்கள்?

"கூண்டில் ஏறி, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லேன்னு சொல்லிடும்மா" என்கிறார்கள்.

அவளும் ஏறுகிறாள். "என் கணவர் என்னை அடிக்கவில்லை. போலீசில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்" என்கிறாள். பிறழ்சாட்சி என்று குறிக்கிறார்கள். சாட்சியம் இல்லை என்று புருஷன் விடுதலை ஆகிறான்.

இப்போது கேசு செத்துப்போனது. ஒரே குற்றத்துக்கு ஒருவனை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்பது நம் சட்டம். அன்றைக்கு விழுந்த அடிக்கு இனி எந்த கோர்ட்டிலும் நியாயம் கேட்க முடியாது. விடுதலையை எதிர்த்து அப்பீல் போகும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு 2009 முதல் உண்டு. ஆனால் எதைச் சொல்லி அப்பீல் போவாள்? அடிக்கவில்லை என்று சத்தியம் செய்து சொன்னவளே அவள்தானே!

அது மட்டும் அல்ல. கோர்ட்டில் பொய் சாட்சி சொன்னதாக அவள் மீதே நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடிபட்டவளும் அவள். மாட்டிக்கொள்பவளும் அவள்.

சில சமயம் அரசு வக்கீலே கோர்ட்டு அனுமதியோடு கேசை வாபஸ் வாங்குவது உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம். கோர்ட்டில் குற்றச்சாட்டு பதிவு ஆகும் முன்பு வாபஸ் ஆனால் அது வெறும் விடுவிப்பு. குற்றச்சாட்டு பதிவான பிறகு என்றால் அது விடுதலை. விடுவிப்பு என்றால் சட்டத்தில் இன்னும் வழி இருக்கிறது. விடுதலை என்றால் கதவு அடைத்தாயிற்று. இரண்டு வார்த்தைக்கும் இடையே ஒரு பெண்ணின் வாழ்க்கையே கிடக்கிறது.

ஐகோர்ட்டு வழி

பேசி முடிக்கக் கூடாத குற்றம் என்றால் உண்மையிலேயே சமாதானம் ஆன தம்பதி என்ன செய்வது? அவர்கள் காலம் பூராவும் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

வேண்டாம். அதற்கு ஐகோர்ட்டு இருக்கிறது. மனஸ்தாபம் தீர்ந்துவிட்ட குடும்ப வழக்குகளை ஐகோர்ட்டு தன் தனி அதிகாரத்தில் ரத்து செய்யலாம் என்று 2003-ம் ஆண்டு அரியானாவில் இருந்து வந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2012-ல் 3 நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள்.

இந்த வழியில் போனால் பழைய சம்பவங்களுக்கு அத்தோடு முற்றுப்புள்ளி. "சமாதானம் பொய்த்துப்போச்சு, பழைய கேசை மறுபடியும் நடத்துங்க" என்று ஐகோர்ட்டில் கேட்டால் சாதாரணமாக எடுபடாது.

ஆகவே நம் யோசனை இது. ஐகோர்ட்டுக்குப் போக அவசரப்படக் கூடாது. அவன் குடியை விட்டானா, கை நீட்டாமல் இருக்கிறானா, சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறானா என்று கொஞ்ச காலம் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம். சமாதானம் நிஜமாக இருந்தால் அதற்குள் அது ஓடிப்போய்விடாது.

புதிய அடிக்குப் புதிய கேசு

இதுவரை சொன்னது எல்லாம் பழைய அடியைப் பற்றி. இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பழைய கேசு எந்தக் கட்டத்தில் முடிந்திருந்தாலும் சரி, விடுதலையே ஆகி இருந்தாலும் சரி, அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் புதிய குற்றம்தான்! நேற்று எழுதிக் கொடுத்த தாள் நாளைக்கு அடிப்பதற்கு லைசென்சு அல்ல. எந்த சமரசப் பத்திரத்திலும் "இனிமேல் அடித்தால் கேட்கமாட்டேன்" என்று எழுத முடியாது. எழுதினாலும் செல்லாது.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு எப்.ஐ.ஆர். கூடாது என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது உண்மை. சிலர் அதைக் காட்டி பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் போன வருஷம் விழுந்த அடியும், போன வாரம் விழுந்த அடியும் ஒரே சம்பவம் ஆகுமா?

கெடு ஒன்று இருக்கிறது. 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை 3 ஆண்டுக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "மூணு வருஷம் ஆச்சு, கேசு போயிடுச்சு" என்று இதைச் சொல்லியும் பயமுறுத்துவார்கள். கொடுமை என்பது தொடர்ந்து நடக்கும் குற்றம், ஒவ்வொரு முறை கொடுமை செய்யும்போதும் கெடு புதிதாக ஆரம்பிக்கிறது என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு சட்டம்

ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லாப் பெண்களும் நினைப்பது இல்லை. "அவர் ஜெயிலுக்குப் போனா வீட்டு வாடகையை யார் குடுப்பா?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். அடி நிற்க வேண்டும். வீட்டில் இருக்க இடம் வேண்டும். பிள்ளைக்கு பீசு கட்ட பணம் வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

அவர்களுக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையில் இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ந்தேதி அமலுக்கு வந்தது. தாலி கட்டிய மனைவிக்கு மட்டும் அல்ல. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை மருமகள் எல்லோருக்கும் அது பொருந்தும்.

போலீசுக்குப் போகாமலே மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனு போடலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத்துறையில் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். மனு எழுத அவரே உதவ வேண்டும். மனு வந்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயற்சி என்பது சட்டம் சொல்லும் கணக்கு. நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் அவசரம் என்றால் எதிர் தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

இந்த மனுவை வாபஸ் வாங்கினால் மறுபடியும் போடலாமா? பிறகு புதிதாகக் கொடுமை நடந்தால் தாராளமாகப் போடலாம். நடந்தது எல்லாவற்றையும் மொத்தமாக வைத்துத்தான் கொடுமையா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி இருக்கிறது. ஆகவே பழைய கதையையும் மனுவில் சொல்லலாம்.

"ஒரு வருஷத்துக்குள் மனு போடவில்லை, ஆகவே செல்லாது" என்ற வாதமும் எடுபடாது. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில்தான், அப்படிக் கெடு எதுவும் இந்த மனுவுக்குக் கிடையாது என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

இதை எல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சமாதானம் ஆனாலும் மனுவை வாபஸ் வாங்காமல், "இனிமேல் அடிக்கமாட்டேன், வீட்டை விட்டுத் துரத்தமாட்டேன்" என்பதை கோர்ட்டு உத்தரவாகவே வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாதுகாப்பு உத்தரவு, அவளே வேண்டாம் என்று மனு போடும் வரை அமலில் இருக்கும். அதை மீறினால், மீறியதே தனிக் குற்றம். ஓராண்டு வரை ஜெயில், ரூ.20 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெள்ளைத் தாளில் அவள் எழுதிக் கொடுத்தால் கட்டுப்படுவது அவள் மட்டும். கோர்ட்டு உத்தரவு வாங்கினால் கட்டுப்படுவது அவன். வித்தியாசம் புரிகிறதா?

ஆண்கள் தரப்பு

"ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்களே, பொய்ப் புகார் கொடுப்பவர்களே இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். வயதான மாமியாரையும், வெளியூரில் இருக்கும் நாத்தனாரையும் புகாரில் சேர்த்துவிடுகிற வழக்கு வருகிறது. அதனால்தான் இந்தப் பிரிவில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு போலீசுக்குக் கடிவாளம் போட்டது.

சமரசம் பேசி, ஒப்புக்கொண்டபடி விவாகரத்தும் வாங்கிக்கொண்டு, கேசை மட்டும் விடாமல் நடத்திய ஒரு வழக்கை 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. ஒப்பந்தத்தின் பலனை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை மீறுவது கோர்ட்டை தவறாகப் பயன்படுத்துவது என்று கண்டித்தது. அது நியாயம்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தை மனைவி மீறினால் தப்பு என்றால், புருஷன் மீறினாலும் தப்புதானே? அவன் மீறியது, "அடிக்கமாட்டேன்" என்ற வாக்கு. அதை மீறிய பிறகும் அவள் மட்டும் தன் கையெழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

யோக்கியமாக வாழ நினைக்கும் ஆணுக்கும் தெளிவாக எழுதிய பத்திரம்தான் பாதுகாப்பு. "உண்மைக்கு மாறாக எழுதிவிட்டேன்" என்று மிரட்டி வாங்கிய வரி அல்ல.

தாளில் என்ன எழுதுவது?

சமாதானமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறந்த வீட்டில் இடம் இல்லை. சேர்ந்து வாழ்வோம் என்று அவள் நினைத்தால் அது அவள் இஷ்டம். அதைக் கெடுக்க நாம் யார்?

ஆனால் எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

"பொய்ப் புகார்" என்ற வார்த்தை தாளில் வரக் கூடாது. நடந்தது நடந்ததுதான். "சேர்ந்து வாழ சம்மதிக்கிறேன்" என்று எழுதினால் போதும்.

அவள் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. அவன் என்ன வாக்கு கொடுக்கிறான் என்பதையும் எழுதி அவனும் கையெழுத்துப் போட வேண்டும். "மீண்டும் நடந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று அவள் பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும். அந்த உரிமை எழுதாவிட்டாலும் உண்டு. எழுதினால் திருப்பி அனுப்புகிறவர் வாய் அடைபடும்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீதை கிழித்துப் போடாதீர்கள். எப்.ஐ.ஆர். என்றால் அதன் நகலை இலவசமாகத் தருவது போலீசின் கடமை. அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டி இருந்தால் ஏ.ஆர். காப்பி என்ற விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கி வையுங்கள். சமாதானம் ஆனதும் இதை எல்லாம் அடுப்பில் போடுகிறவர்கள் உண்டு. அது நல்ல எண்ணம்தான். ஆனால் புத்திசாலித்தனம் அல்ல.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். ராத்திரி நேரத்தில் அவசரம் என்றால் 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

நூற்றுக்கு 38

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல. இங்கே மகளிர் போலீஸ் நிலையம் முதன்முதலில் திறந்தது 1992-ல், சென்னை ஆயிரம் விளக்கில். அம்மாவிடம் சொல்லக் கூசுவதை பெண் போலீசிடமாவது சொல்லட்டும் என்றுதான் திறந்தார்கள்.

ஆனால் 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொன்னது? தமிழ்நாட்டில் கல்யாணம் ஆன பெண்களில் 100-க்கு 38 பேர் புருஷனிடம் கொடுமை அனுபவித்தவர்கள் என்றது. நாடு முழுவதும் அடி, கொடுமை பட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான் என்றும் அதே ஆய்வு சொன்னது. போலீசுக்குப் போனவர்கள் அந்த 14 பேரிலும் கொஞ்சம் பேர்தான்.

அப்படி ஒருத்தி பயத்தை எல்லாம் மீறி, சொந்தக்காரர் ஏச்சை எல்லாம் தாங்கி, போலீஸ் படி ஏறுகிறாள். ஒரு முறை அல்ல, இரண்டாவது முறையும் ஏறுகிறாள். அவளைப் பார்த்து, "நீதானே எழுதிக் குடுத்தே?" என்று கேட்டால் அவள் மூன்றாவது முறை வருவாளா? வரவே மாட்டாள். வேறு விதமான செய்தியாக இந்தப் பக்கத்திலேயே வந்து சேர்வாள். அப்படி எத்தனை செய்தி படித்துவிட்டு பஸ்சில் பக்கத்தைத் திருப்பி இருக்கிறோம்!

இரண்டாவது முறை வருகிறவள் முதல் முறை வந்தவளை விட ஆபத்தில் இருக்கிறாள். மன்னித்துப் பார்த்தாள், நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அவளுக்குத்தான் நாற்காலியை முதலில் நகர்த்திப் போட வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று?

நாங்கள் கையெழுத்து வாங்கிய அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.

அவளுடைய அம்மா படிக்காதவர். ஆனால் விவரம் தெரிந்தவர். நாங்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சி.எஸ்.ஆர். ரசீதையும் ஆஸ்பத்திரி காகிதத்தையும் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

நாங்கள் கைவிரித்த பிறகு, அந்த உறையோடு மகளைக் கூட்டிக்கொண்டு இலவச சட்ட உதவி தேடிப் போனார். அங்கே இருந்த பெண் வக்கீல் எங்கள் தாளைப் படித்துவிட்டு, "இதை எழுதினது யாரும்மா?" என்று கேட்டாராம். அந்த அம்மா என் பெயரைச் சொல்லவில்லை. "தெருவுல பெரியவங்க எழுதினாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறாள். கடைக்கு வரும்போது என்னைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்கிறாள். எனக்குத்தான் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

நாளைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். கடை முதலாளி, ஆபீஸ் உத்தியோகஸ்தர், தெருவில் மதிப்பு உள்ளவர் என்று வந்து நிற்பார்கள். "ஒரு வார்த்தை பேசி முடிச்சு வையுங்க" என்பார்கள்.

போங்கள். பேசுங்கள். ஆனால் பேனாவை எடுக்கும் முன்பு, கேசு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு முறை கேளுங்கள். "பொய்ப் புகார்" என்று எழுதச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள்.

அப்புறம் மறுபடியும் அவள் வந்தால், கூடப் போய் அந்த பெஞ்சில் உட்காருங்கள்.